பன்னிரண்டாம் தேதி வகுப்பு

புதன்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு என்று டாக்டர் ஈஸ்வரமூர்த்தி அறிவித்தபோது, அது மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று விஜயராணி நினைத்தாள். திருப்பூர் ராயபுரத்தில் இருந்த அந்த நாற்பது படுக்கை மருத்துவமனையில் அவள் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். புது வழக்கங்கள் வருவதையும் போவதையும் பார்த்தவள். ஒரு தடவை எல்லோரும் தொப்பி வைக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு தடவை காலையில் பிரார்த்தனை என்றார்கள். தொப்பிகள் அலமாரியில் கிடந்தன. பிரார்த்தனை ஒரு மழைக்காலக் காய்ச்சல் கூட்டத்தில் நின்றுபோயிற்று.

அது 2004ஆம் வருடம். வகுப்பு வந்தது படிப்பின் மேல் யாருக்கோ பிறந்த ஆசையினால் அல்ல. பெரிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று தன் தொழிலாளிகளை இனி ஒரே மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருந்தது. வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் மருத்துவமனையையும் எட்டிப் பார்ப்பார். அவர் கையிலிருந்த பட்டியலில் ஒரு கேள்வி, நர்சுகளுக்குத் தொடர்ந்து பயிற்சி தரப்படுகிறதா என்பது. ஆமாம் என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். பதிவேட்டுக்கு ஒரு வகுப்பு வேண்டும். அந்த வரிசையில்தான் அது வந்தது. பல நல்ல காரியங்கள் இப்படித் தப்பான காரணத்துக்காகத் தொடங்குகின்றன. தொடங்கிவைத்த காரணம் என்றைக்காவது திரும்பி வந்து தன் பங்கைக் கேட்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

வகுப்பெடுக்க வந்தவள் சாரதாமணி. வெள்ளகோவில்காரி, நர்சிங்கில் பட்டம் வாங்கியவள், கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனையில் இருந்துவிட்டு இங்கே நர்சுகளுக்கெல்லாம் மேலாளராக வந்திருந்தாள். முப்பத்தொரு வயது. விஜயராணியைவிட ஆறு வயது இளையவள். முதல் நாள் அவள் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. வார்டிலிருந்து ஏழு நோயாளிகளின் தாள்களை எடுத்துவந்து மேசையில் பரப்பினாள். அந்த ஏழும் விஜயராணி எழுதியவை.

"ராணிக்கா, இந்த ஏழு பேருக்கும் நிமிசத்துக்கு மூச்சு பதினெட்டுங்களா?"

விஜயராணிக்குப் புரிந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எண்ணுனீங்களா?"

"இல்ல மேடம்."

"எண்ணாததை எழுதாதீங்க. கட்டத்தை வெறுமனே உட்ருங்க. வெறும் கட்டத்தைப் பாத்தா எண்ணலைன்னாவது டாக்டருக்குத் தெரியும். பதினெட்டுன்னு எழுதிட்டீங்கன்னா, தெரியாதது தெரிஞ்ச மாதிரி ஆயிருமுங்க."

அன்று விஜயராணிக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தையை மென்றுகொண்டே போனாள். அவளுக்குச் சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருடம் படித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. அந்தோணிராஜைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தாள். அவன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தான். துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. இவள் மருத்துவமனையில் சேர்ந்தாள். எட்டு வருடத்தில் டாக்டர்கள் அவளுக்கு வேலை சொன்னார்கள், அவசரத்தில் திட்டினார்கள், தீபாவளிக்குச் சேலை கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் ஏன் எண்ண வேண்டும், ஏன் வெறுமையாக விட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அவமானம் ஒரு வாரம் இருந்தது. அது போனபின் மிஞ்சியது பசி.

அடுத்த புதன்கிழமை அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கியிருந்தாள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கில் நீர் வற்றுவது, சாயப்பட்டறையில் வெந்நீர் கொட்டி வருகிற தீக்காயம், பஞ்சுத்தூசியில் வேலை செய்கிறவர்களின் இரைப்பு. தினமும் வார்டுக்கு வருகிற நோய்கள்தாம். கண்ணால் பார்த்துப் பழகியதை முதல்முறையாகப் பெயரோடும் காரணத்தோடும் தெரிந்துகொண்டாள். சாரதாமணி நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். புகழ்ந்து சொல்ல வேண்டியதில்லை. தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னாள், தெரியாததை அடுத்த வாரம் பார்த்துவந்து சொன்னாள். அதுவே அரிது.

இரைப்பு பற்றிய வகுப்பில் ஒன்று சொன்னாள். மூச்சு வாங்குகிறவருக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறவரை பயம் குறைவு. ஆள் களைத்து, சத்தம் நின்று, அமைதியாகிவிட்டால் அதைச் சுகம் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றே போகவில்லை என்று அர்த்தம். பதினைந்து நாளில் அதே மாதிரி ஒரு பெண் வந்தாள், கட்டிங் மேசையில் வேலை பார்க்கிறவள். சத்தம் நின்றதும் கூட வந்தவர்கள் அப்பாடா என்றார்கள். விஜயராணி மாடிப்படிகளில் ஓடிப்போய் டாக்டரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் பிழைத்தாள். விஜயராணி அன்று சாரதாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சாரதாமணி எதைச் சொன்னாலும் அவள் இரண்டாம் தடவை யோசித்ததில்லை. இங்கேதான் அவள் கணக்குத் தப்பியது என்று பின்னால் அவளே சொல்வாள். ஒருவரின் அறிவை நம்பியவள், அதே மூச்சில் ஆளையும் சேர்த்து நம்பிவிட்டாள்.

2006ஆம் வருடம் கோடை முடியும் முன்பே மூட்டுவலிக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா என்று செய்தித்தாளில் போட்டார்கள். கோழியால் வருவது என்று எவரோ கிளப்பிவிட, கறிக்கடைகளில் ஈ ஓட்டினார்கள். பனியன் கம்பெனிகளில் பாதி மெஷின் ஓடவில்லை. தைக்கிறவர்களுக்கு விரல் மடங்கவில்லை. நிமிர்ந்து வந்தவர்கள் குனிந்து போனார்கள். மருத்துவமனையில் படுக்கை போதாமல் நடையில் பாய் விரித்தார்கள். ஜூலை மாதம் மாடியில் வகுப்பு நடக்கும் அறையையும் திறந்துவிட்டார்கள். கரும்பலகையின் ஆணியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. வகுப்பு நின்றுபோனதைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று மணிக்கு யாருக்கும் கை ஓயவில்லை.

ஆனால் பதிவேடு நிற்கவில்லை. மாதக் கடைசியில் அடுத்த மாத டூட்டி அட்டவணை கொடுக்கும்போது சாரதாமணி பதிவேட்டையும் நீட்டினாள். ஜூலையின் நான்கு புதன்கிழமைகள், ஐந்து, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. தேதி எழுதியிருந்தது. அதற்கு நேரே ஒவ்வொருவர் பெயருக்கும் கட்டம். என்ன பாடம் என்று எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கம்பெனி ஆட்கள் செப்டம்பரில் வருகிறார்கள், இடையில் ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் கேள்வி வரும், பாடத்தைப் பின்னால் நிதானமாக நடத்திக்கொள்ளலாம் என்றாள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் போட்டார்கள். ரோஸ்மேரி மட்டும் இல்லை, இரவு ஷிப்ட் முடித்து விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கும் விஜயராணியையே போட்டுவிடச் சொன்னாள் சாரதாமணி. விஜயராணி போட்டாள். ரோஸ்மேரி அவள் ஊர்ப் பக்கத்துப் பெண். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே விஜயராணிதான். தங்கைக்குச் செய்வதுபோல, எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நாலு கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அந்தோணிராஜ் சிரித்தான்.

"ஏட்டி, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எங்க கம்பெனியில மாசத்துக்கு ஒரு தீ அணைக்கோம். ஒரு வாளித் தண்ணி தூக்குனதில்ல. எல்லாம் கையெழுத்துலயே அணைஞ்சிரும்."

அது பொய்யில்லை. ஆடிட் வருகிற வாரம் ஊரே கையெழுத்துப் போடும். நடக்காத தீயணைப்புப் பயிற்சி, கொடுக்காத முகமூடி, கூடாத கமிட்டிக் கூட்டம். அதில் யாரும் தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொள்வதில்லை. மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல வேலையில் அதுவும் ஒரு வேலை. காகிதம் எங்கேயோ தூரத்தில் இருக்கிறவருக்குப் போகிறது. நம்மோடு இருக்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. திருப்பூரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். விஜயராணியும் நம்பினாள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு ரத்தினசாமியைக் கொண்டுவந்தார்கள். அறுபத்திரண்டு வயது. தறி நெய்த குடும்பம். இப்போது மகன் குமரன் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருபது மெஷின் போட்டுக் கம்பெனி நடத்துகிறான். பெரியவருக்குப் பல வருடச் சர்க்கரை. காய்ச்சல் வந்து மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, மூட்டுவலிக்கு ஏதேதோ மாத்திரை வேறு. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறவிடவில்லை. அன்று காலையும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். சட்டை நனைந்து வியர்த்திருந்தது, கூப்பிட்டால் கண் சொருகியது. விஜயராணி விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். ஐந்து நிமிடத்தில் பெரியவர் விழித்துத் தன் மனைவி ஞானாம்பாளைப் பார்த்து, "இங்கெதுக்கு கூட்டியாந்தீங்க?" என்று கேட்டார். அரை மணி கழித்துப் பார்த்தபோது நூற்று அறுபது. பாலும் இரண்டு ரொட்டியும் சாப்பிட்டார். அறுவை அறையில் இருந்த டாக்டரிடம் போனில் சொன்னாள். சரி, பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிடட்டும் என்றார் அவர். பாட்டிலைக் கழற்றினாள்.

பெரியவர் அசதியாகக் கண்ணை மூடினார். இரண்டு ராத்திரியாக மூட்டுவலியில் தூக்கமே இல்லை என்றாள் ஞானாம்பாள். அவர் நல்லாத் தூங்கட்டும்மா, எழுப்ப வேண்டாம் என்று விஜயராணி சொன்னாள்.

வார்டில் அன்று எழுபது பேர். இரண்டே முக்காலுக்கு அவள் திரும்பி வந்து தொட்டபோது பெரியவர் எழவில்லை. இருபத்திரண்டு. மறுபடி குளுக்கோஸ், டாக்டர், ஆம்புலன்ஸ், கோயம்புத்தூர். சர்க்கரை ஏறியது, ஆளுக்கு நினைவு திரும்பவில்லை.

மூன்றாம் நாள் குமரன் வந்தான். சத்தம் போடவில்லை. கோயம்புத்தூர் டாக்டர் ஒன்று கேட்டாராம், அதைத் தெரிந்துகொண்டு போக வந்தேன் என்றான். அந்த வகை மாத்திரையால் சர்க்கரை இறங்கினால் ஒரு தடவை ஏற்றினால் போதாது. மாத்திரை உடம்பில் இருக்கிற வரை மறுபடி மறுபடி இழுக்கும். பாட்டிலைக் கழற்றாமல் மணிக்கொரு தடவை பார்த்து ஒரு நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். இது இங்கே யாருக்கும் தெரியாதா என்று அவர் கேட்டிருக்கிறார்.

விஜயராணிக்குத் தெரியாது. டாக்டர் அறையின் ஓரத்தில் நின்றவள், அதை அப்போதுதான் முதல்முறை கேட்டாள். டாக்டர் ஈஸ்வரமூர்த்திக்குத் தெரிந்திருக்க வேண்டும்; போனில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. சாரதாமணியைப் பார்த்தார். சாரதாமணி வெளியே போய் ஐந்து நிமிடத்தில் பதிவேட்டோடு வந்தாள்.

"எங்க நர்சுகளுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கோமுங்க" என்று குமரன் முன்னால் விரித்தாள். 12.07.2006. ஒன்பது கையெழுத்து. வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது: சர்க்கரை தாழ்தல். மாத்திரையால் எனில் மீண்டும் தாழும். மணிக்கொரு பரிசோதனை. ஒரு நாள் கண்காணிப்பு.

அந்தப் பன்னிரண்டாம் தேதி மூன்று மணி விஜயராணிக்கு நன்றாக நினைவிருந்தது. மாடி அறையில் இருபத்திரண்டு பாய். அவளும் சாரதாமணியும் எதிரெதிர் வரிசையில் ஊசி போட்டுக்கொண்டு வந்து நடுவில் முட்டிக்கொண்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நமக்கும் வந்துருச்சா என்று சாரதாமணி கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

குமரன் போனபின் விஜயராணி சாரதாமணியை மருந்து அறையில் பிடித்தாள்.

"மேடம், நீங்க இதச் சொல்லித் தரலையே."

சாரதாமணி கதவைச் சாத்தினாள். "தரல. தரோணும்னுதான் இருந்தேன். எல்லா வரியையும் நெரப்பவேண்டியிருந்துச்சு. ஒண்ண இப்ப நெரப்பியிருக்கறேன்."

"எண்ணாததை எழுதாதன்னு எனக்குச் சொன்னது நீங்கதான்."

"ஆமாங்க. சொன்னேன்." கொஞ்ச நேரம் பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கினாள். "ராணிக்கா, நான் வகுப்பே நடக்கலைன்னு சொன்னேன்னு வைங்க. கம்பெனிக்காரங்க போயிருவாங்க. ஆஸ்பத்திரி போச்சு. ஒம்பது பேரும் பொய்க் கையெழுத்துன்னு ஆயிரும். எம் பட்டமும் போயிரும். உங்களுக்குப் போறதுக்குப் பட்டம் ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு மாசம் ஊட்டுல இருங்க. அடங்குனதும் டாக்டரு கூப்புடறேன்னு சொல்லீருக்காரு."

இத்தனையும் மரியாதையாகவே சொன்னாள். ஒரு 'ங்க' குறையவில்லை. உங்களுக்குப் போறதுக்குப் பட்டம் இல்லை என்பதைக்கூட, இரக்கப்பட்டுச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். விஜயராணிக்கு அந்த இரக்கம்தான் அறுத்தது. கோபத்தில் தள்ளிவிட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பாள். கூட்டிப் பார்த்து, குறைந்த நட்டம் எது என்று தேறிய பிறகு, அவளைத் தள்ளியிருந்தார்கள்.

அவளிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். வாசகத்தை டாக்டரே சொன்னார். பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டேன், பணி மிகுதியால் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். மற்ற எட்டுப் பேரிடமும் வேறொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: பன்னிரண்டாம் தேதி வகுப்பு நடந்தது, நாங்கள் இருந்தோம்.

ரோஸ்மேரியைத் தேடி விஜயராணி விடுதிக்குப் போனாள். ரோஸ்மேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீயும் போட்டியாட்டி?"

"என்ன செய்யச் சொல்லுதிய யக்கா? எல்லாரும் போட்டாவ."

"பன்னெண்டாந்தேதி நீ ஊர்லல்லா இருந்த. உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்த."

ரோஸ்மேரி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அந்தக் கட்டத்துல என் பேரப் போட்டது நீங்கதான யக்கா. நான் அன்னைக்கு அங்க இல்லன்னு சொன்னா, யாரு போட்டான்னு கேப்பாவ. உங்க பேரச் சொல்லவா?"

அது மிரட்டலா, பயமா, உண்மையிலேயே அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாளா என்று விஜயராணிக்கு இன்றுவரை தெரியாது. மூன்றுமாக இருக்கலாம். மனிதர்கள் கைவிடும்போது அதற்கு ஒரே காரணம் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு மூன்று வைத்துக்கொள்கிறார்கள், ஒன்று உறுத்தினால் இன்னொன்றின் மேல் சாய்ந்துகொள்ள. அவள் படியிறங்கி வந்தாள்.

அவளுக்கு இப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான். தனக்குச் சொல்லிக்கொடுத்தும் மறந்துவிட்டாள் என்ற சொல் தன் மேல் நிற்கக் கூடாது. வேலை போகட்டும். படிப்பு குறைந்தவள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவள் இரண்டு வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எழுதி, அதில் ஒன்றைக்கூட வார்டில் தவறவிடாதவள். அவளிடம் சொந்தமாக இருந்தது அது மட்டும்தான். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தோணிராஜ், அவர்கள் சொல்கிறபடி எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றான். வேறு ஆஸ்பத்திரியா இல்லை என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவள் தன் வாசகத்தில் எழுதினாள். மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தால் மீண்டும் தாழும் என்பது எனக்குக் கற்பிக்கப்படவில்லை. கற்பிக்கப்பட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாம் தேதி வகுப்பு நடக்கவில்லை. டாக்டர் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அந்தத் தாளை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

ரத்தினசாமி பத்தொன்பது நாள் கோயம்புத்தூரில் கிடந்து இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று விஜயராணி காத்திருந்தாள். பிறகு அதே மூன்று வரியை இன்னொரு தாளில் எழுதிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

கீழ்த்தளத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில் குமரன் இருந்தான். அவன் மனைவி வினிதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஞானாம்பாள் சுவரோரம் கீழே உட்கார்ந்திருந்தாள். விஜயராணி தாளைக் குமரனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான்.

"ஏனுங்க சிஸ்டர், அதுலயும் உங்க கையெழுத்து. இதுலயும் உங்க கையெழுத்து. நான் எதைங்க நம்பறது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. உண்மையைக் கொண்டுபோனால் அது தானாகவே உண்மைபோலத் தெரியும் என்று நம்பி வந்திருந்தாள். சான்று ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. சொன்னாள்.

"அந்தப் பக்கத்துல ரோஸ்மேரின்னு ஒரு கையெழுத்து இருக்குமுங்க. அன்னைக்கு அவ ஊர்ல இருந்தா. லீவு எழுதிக் குடுத்த தாளு ஆபீசுல இருக்கும். அந்தக் கையெழுத்த நான்தான் போட்டேன்."

குமரன் அவளை வேறு மாதிரிப் பார்த்தான். துணியில் ஓட்டை தேடுகிறவன் பார்ப்பதுபோல.

"அடுத்தவங்க கையெழுத்தையும் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்பப் பின்னே, இதைக் கொண்டு போயி நான் யார்கிட்டங்க காட்டறது? மொதக் கேள்வியிலயே உங்களைத் தள்ளீருவாங்க."

அவன் சொன்னது சரிதான். இன்று அவள் பொய் சொல்லவில்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சான்று, அன்று அவள் பொய் எழுதினாள் என்பது. சாரதாமணி இதைக் கணக்கில் எடுத்துத்தான் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாளோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இல்லை, அவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். கைக்கு வந்த வரி அது. யோசித்துச் செய்த துரோகமாக இருந்திருந்தால் கூடத் தனக்கென்று அதில் ஒரு இடம் இருந்திருக்கும் என்று விஜயராணிக்குப் பட்டது.

குமரன் தாளை மடித்துத் திருப்பி நீட்டினான். அவள் கை நீட்டுவதற்குள் ஞானாம்பாள், "இங்க குடு சாமி" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். மூன்று வரி வாசிக்க வெகு நேரம் ஆயிற்று. வாசித்துவிட்டு விஜயராணியைப் பார்க்காமல் கேட்டாள்.

"மறுக்கா இழுக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, தூங்க உட்டிருக்க மாட்டீல்ல கண்ணு?"

"உட்டிருக்க மாட்டேங்க."

"அந்த மேடத்துக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"உனக்குச் சொல்லல. சொன்னாங்கன்னு நீ எழுதிக் குடுத்துட்ட."

விஜயராணி தலையை அசைத்தாள்.

"அன்னைக்கு எங்க நாத்தனா வந்தா. ஒறம்பரை, சொந்தபந்தம்னு நாலு பேரு வந்தாங்க. எல்லாருத்தையும் நானு வெளியவே நிறுத்தி வெச்சேன். சிஸ்டரு எழுப்ப வேண்டாம்னுச்சு, சத்தம் போடாதீங்கன்னு. ஈ ஓட்டிக்கிட்டு மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நல்லாத் தூங்கறாருன்னு சந்தோசமா இருந்துச்சு." ஞானாம்பாள் கண்ணாடியைக் கழற்றினாள். "இத்தன நாளும் நாந்தான் எழுப்பாம உட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கறேன். ஊட்டுல எல்லாருமே அப்படித்தான் பேசிக்கறாங்க. காதுல உழுகும்."

குமரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விஜயராணி வரும்போது ஏமாற்றப்பட்டவளாக வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னால், ஒருத்தியாவது, உனக்கு இப்படிச் செய்துவிட்டார்களே என்பாள் என்ற எண்ணம் அடிமனதில் இருந்திருக்க வேண்டும். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முன்னால் அந்த எண்ணத்தை வெளியே எடுக்க முடியவில்லை. தூரத்தில் இருக்கிற யாருக்கோ போகிறது என்று நினைத்துப் போட்ட கையெழுத்து, மூன்று தெரு தள்ளி இந்தச் சுவரோரம் வந்து சேர்ந்திருந்தது.

"தாளைக் குடுங்க, நான் கிளம்புதேன்" என்றாள்.

"இது இருக்கட்டும்" என்று ஞானாம்பாள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒறம்பரை வந்தா நானு படிச்சுக் காட்டோணும்."